பதினைந்து நிமிடத்தில் எங்கே போய்ப் பால் கொடுப்பது? – ஒரு சட்டப் பிரிவை வாசித்தல்

சட்டத்தை எல்லாம் ஒரு எழுத்துப் பிரதியாக எடுத்து வைத்து யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்கலாம். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய வாரம் வரைக்கும் எனக்கும் அப்படித் தோன்றியதில்லை. திரும்புவதற்கு முன்னால், "பால் கொடுக்கிறவங்களுக்கு ஆபீஸில் என்ன வசதி இருக்கு?" என்று எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டேன். மகப்பேறு நலச் சட்டம், 1961-இன் 11-ஆம் பிரிவை வெட்டி ஒட்டி பதில் வந்தது. "இதன்படி உங்களுக்கு இரண்டு இடைவேளை உண்டு" என்று கீழே ஒரு வரி. அறை பற்றி ஒன்றும் இல்லை, ஃபிரிட்ஜ் பற்றி ஒன்றும் இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரிவிலேயே இல்லாததை அவர்கள் எங்கிருந்து எடுத்து ஒட்டுவார்கள்?

அந்த ஒற்றை வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. படிக்கப் படிக்க, அதை எழுதியவர்கள் மனதில் யார் இருந்தார், அவர் எங்கே வேலை பார்த்தார், அவருடைய குழந்தை எங்கே படுத்திருந்தது என்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. அந்த வாசிப்புதான் இந்தப் பதிவு.

வாக்கியம் என்ன சொல்கிறது

என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பிரசவம் முடிந்து பணிக்குத் திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும், வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடுதலாக, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, தினமும் வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் அனுமதிக்கப்படும். எவ்வளவு நேரம் என்பதை விதிகள் சொல்லும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. நான் எடுத்துக்கொள்வது சுரங்கங்களுக்கும் சர்க்கஸுக்குமான 1963-ஆம் வருட மத்திய விதிகளை. ஒவ்வொரு இடைவேளையும் 15 நிமிடம். குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்வர, தூரத்தைப் பொறுத்து, குறைந்தது 5 நிமிடம், அதிகபட்சம் 15 நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சுரங்கம், சர்க்கஸ். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், இந்த விதி எந்த நிலப்பரப்பில் பொருந்தும் என்பதற்கு இதைவிடச் சரியான இரண்டு உதாரணங்கள் கிடைக்காது. சுரங்கத் தொழிலாளி பெரும்பாலும் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பில் இருப்பார். சர்க்கஸ்காரருக்குக் கூடாரத்துக்குப் பின்னால் கூடாரம். இரண்டிலும் வேலை ஓரிடத்திலும் வீடு வேறு ஊரிலும் இல்லை. எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். தேயிலைத் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுப்போகும் இடத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று பேரே உண்டு. நம்மூர்த் தோட்டங்களுக்கான 1951-ஆம் வருடச் சட்டமும் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. அந்தக் காப்பகங்கள் எப்படி இருந்தன, அங்கே போக கங்காணி விட்டாரா என்பது வேறு கதை. ஆனால் சட்டத்தின் கற்பனையில் குழந்தை நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது.

என் அம்மாவுக்கும் இது பொருந்தியிருக்கிறது. அவர் பள்ளிக்கூட டீச்சர். வீடு இரண்டு தெரு தள்ளி. மூன்று மாத லீவு முடிந்து திரும்பியபோது, மதிய மணி அடித்ததும் பாட்டி என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவாராம். "ஸ்டாஃப் ரூம் மூலையில உக்காந்து குடுத்துட்டு அப்படியே அஞ்சாவது பீரியடுக்குப் போயிடுவேன்" என்பார். அம்மாவுக்கு 11-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய ஊரே அந்தப் பிரிவு சொன்ன அளவில்தான் இருந்தது.

எனக்கு வீடு பெருங்களத்தூரில், வேலை தரமணியில். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. நடுவில் எட்டரை மணி நேர ஆபீஸ். ஆக, பதினொரு மணி நேரம் குழந்தை ஓரிடம், பால் ஓரிடம். இதில் 15 நிமிட இடைவேளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் யாருக்குப் பால் கொடுப்பது?

'தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு' என்று பழமொழி சொல்கிறது. சட்டம் அதை மறந்துவிட்டு, தாயும் பிள்ளையும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறது.

இல்லாத சொல்

ஒரு பிரதியில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதும் முக்கியம். இந்தச் சட்டத்தில் பாலூட்டுவது என்ற சொல் இருக்கிறது. பாலை எடுத்து வைப்பது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. குழந்தையை விட்டு வெகுதூரம் போகும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது அந்தச் சொல்தான்.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். பால் தேவைக்கேற்பச் சுரக்கிறது. குழந்தை குடித்தாலும் சரி, கையால் பீய்ச்சினாலும் சரி, பம்பால் எடுத்தாலும் சரி, வெளியே போகப் போகத்தான் புதிதாக ஊறும். நெஞ்சிலேயே தேங்கினால், தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நடுவில் பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகும், வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல்கூட வரும். சின்னக் குழந்தைக்காரி என்றால் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். பதினொரு மணி நேரத்துக்கு மூன்று தடவை. பம்பைப் பொருத்தி, எடுத்து, கழுவி, மூடி வைக்க ஒரு தடவைக்கு அரை மணி ஆகிவிடும். படபடப்போடு உட்கார்ந்தால் பால் இறங்கவே இறங்காது என்பது இன்னொரு தொல்லை.

எடுத்த பாலை வைக்க இடம் வேண்டும். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்வரை வைக்கலாம் என்று மருத்துவக் கையேடுகள் சொல்கின்றன. ஆனால் அந்த 'அறை வெப்பம்' 25 டிகிரி அல்லது அதற்குக் கீழே. சென்னையில் ஏ.சி. இல்லாத எந்த அறைக்கு மே மாதத்தில் 25 டிகிரி தெரியும்? ஃபிரிட்ஜில் நான்கு நாள்வரை நிற்கும். ஐஸ் பேக் வைத்த பையில் ஒரு நாள் தாங்கும். ஆக, தேவை மூன்றுதான்: தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு குழாய், ஒரு ஃபிரிட்ஜ். மூன்றும் சட்டத்தில் கிடையாது.

இதை வேறொரு நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அமெரிக்காவில் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு தரும் தேசிய அளவிலான சட்டம் தனியார் ஊழியர்களுக்கு இல்லை. அந்த விஷயத்தில் நாம் எவ்வளவோ மேல். ஆனால் அங்கே 2010-லும், பிறகு விரிவாக 2022-லும் வந்த சட்டங்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் எடுக்க நேரமும் இடமும் தர வேண்டும் என்கின்றன. இடம் கழிப்பறையாக இருக்கக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது, யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பத்து நாளில் வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் இருக்கிற நாடு என்பதால் அந்தச் சொல் அங்கே தேவைப்பட்டிருக்கிறது. நம்முடைய சட்டம் லீவு கொடுத்துவிட்டோமே என்று திருப்திப்பட்டு, திரும்பி வந்த பிறகு நடப்பதை யோசிக்காமல் விட்டுவிட்டது.

26 வாரக் கணக்கு

2017 திருத்தம் பெரிய மாற்றம்தான், மறுக்க முடியாது. 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமானது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு ஒத்துப்போவதாக அப்போது எல்லோரும் பாராட்டினோம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். 26 வாரத்தில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். எட்டையும் எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மிச்சம் 18 வாரம், அதாவது 126 நாள். நாலு மாசம். எனக்குக் கால் வீங்கி, டாக்டர் ஓய்வு சொல்லி, ஐந்து வாரம் முன்னாலேயே போய்விட்டது. மிச்சம் 147 நாள். ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. பால் தவிர வேறொன்றும் கொடுக்காதே என்று டாக்டர் சொல்லும் காலத்திலேயே வேலைக்கு வா என்று காலண்டர் சொன்னது.

ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால், அடுத்த பிரசவத்துக்குப் பழைய 12 வாரம்தான். மக்கள்தொகைக் கொள்கை என்று பெரியவர்களுக்குக் காரணம் சொல்லலாம். மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்கு வயிறு சின்னது என்று யாரால் சொல்ல முடியும்?

அதே திருத்தத்தில் வந்த 11ஏ பிரிவு, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது. இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பழைய தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண் தொழிலாளிகளுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. முப்பதாவது பெண்ணோடு நிறுத்திக்கொண்டால் காப்பகச் செலவு மிச்சம் என்று முதலாளி நினைக்க அதில் வழி இருந்தது. 2017-இல் ஆண், பெண் இருபாலரையும் சேர்த்தே 50 என்று எண்ணுகிறார்கள். குழந்தை என்பது பெண் ஊழியரின் தனிப்பட்ட சங்கதி இல்லை என்று சட்டம் ஒத்துக்கொண்ட இடம் இது.

ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வர அனுமதிக்க வேண்டும். அந்த நான்கில் ஓய்வு இடைவேளையும் அடங்கும். 1961 வாக்கியம் 'ஓய்வு நேரத்தோடு கூடுதலாக' என்றது. 2017 வாக்கியம் 'ஓய்வு நேரமும் அடங்கும்' என்கிறது. ஐம்பத்தாறு வருடத்தில் 'கூடுதலாக' என்பது 'அடங்கும்' ஆகிவிட்டது. எண் இரண்டிலிருந்து நான்காக ஏறியதைத்தான் எல்லோரும் பார்த்தோம். தாய் தானும் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட வேண்டிய நேரம் அந்தக் கணக்குக்குள் போய்விட்டதை நானும் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

காப்பகம் இருந்தாலும், ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலை எட்டரை மணி மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். காப்பகத்தை ஆபீஸுக்குள் வைத்ததால் தூரப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. இதுவரை தாய் மட்டும் போன தூரத்தைக் குழந்தையும் சேர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, செலவு. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத ஊழியருக்கு 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் வருட உடன்படிக்கை இதைச் சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கரே, இந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றுதான் சொன்னார். கிட்டத்தட்ட நூறு வருடமாகிறது. 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று நேர்முகத் தேர்வில் இன்னும் கேட்கிறார்கள் என்றால் அதற்கு இந்தச் செலவுக் கணக்கும் ஒரு காரணம்.

போஸ்டரில் இருப்பவர்

ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் வாரமும் தாய்ப்பால் வாரம். ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டும் படத்தை நினைத்துப் பாருங்கள். சேலை கட்டிய தாய், மடியில் குழந்தை, குனிந்த முகம். அறையில் கடிகாரம் இல்லை. வாசலில் செருப்பு இல்லை. பக்கத்தில் டிபன் பாக்ஸ் இல்லை. எங்கேயும் போக வேண்டியிராத ஒரு பெண். கீழே இருக்கும் வினைச்சொற்கள் எல்லாம் அவரைப் பார்த்துத்தான்: கொடுங்கள், தவறாதீர்கள், நிறுத்தாதீர்கள். முதலாளியைப் பார்த்து 'ஒரு அறை ஒதுக்குங்கள்' என்று சொல்லும் போஸ்டரை என் கண்ணால் நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் உலக அளவில் இந்த வாரத்தின் கருப்பொருள் 1993, 2015, 2023 ஆகிய மூன்று வருடங்களில் வேலையும் தாய்ப்பாலும்தான்.

2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். பொது இடத்தில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அங்கேயும் கற்பனை அதேதான்: குழந்தையோடு பயணம் போகும் தாய். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அதே பேருந்து நிலையம் வழியாகத் தினம் இரண்டு முறை போகும் தாய் அந்தப் பலகையைப் பார்த்து, இது நமக்கில்லை என்று நகர்ந்துவிடுவார்.

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அதாவது, அறிவுரை எல்லோர் காதிலும் விழுகிறது. அப்படியும் ஆறு மாதம்வரை பால் மட்டுமே கொடுப்பது அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. காரணங்கள் பல இருக்கும். எல்லாவற்றையும் 'தாய்க்கு விழிப்புணர்வு போதாது' என்ற ஒரே பெட்டியில் போடுவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பவுடர் பாலுக்கு மாறிய எந்தத் தாயையும் நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் இருந்தனவா என்பதுதான் கேள்வி.

கதவுக்கு வெளியே நின்றவர்

என் கதை சின்னது. பழைய ஃபைல்கள் அடுக்கிய ஓர் அறையைக் கேட்டு வாங்கினேன். தாழ்ப்பாள் விழாது. துப்புரவுப் பணிக்கு ஒப்பந்தத்தில் வந்த அக்கா ஒருவர், தினம் இரண்டு தடவை வாளியும் துடைப்பானுமாகக் கதவுக்கு வெளியே நின்றுகொள்வார். உள்ளே ஆள் இருக்கு என்று சொல்லாமல் "தரை ஈரமா இருக்கு சார், அப்புறம் வாங்க" என்பார். பதினைந்து நிமிடத்தில் வராது, இருபத்தைந்து ஆகும். நிற்பார். வீட்டில் மாமியார் அந்தப் பாலைப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தார். ஒன்பது மாதம்வரை அப்படி ஓடியது.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், "நீங்க எத்தனை மாசம் குடுத்தீங்க அக்கா?"

"ரெண்டு மாசம் மேடம். சின்னவன் பொறந்தப்போ கட்டட வேலை. போகாட்டி வேற ஆளைப் போட்டுடுவாங்க. மல்லிப்பூவை வெச்சுக் கட்டினேன், மூணு நாள்ல வத்திடுச்சு."

மல்லிப்பூ கட்டினால் பால் வற்றும் என்பது நம்மூரில் பழைய வழக்கம். 1988-இல் வேலூர் மருத்துவர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தகவலாகத் தெரிந்த விஷயம். அன்று அந்தக் கதவோரம் அதைக் கேட்டபோது கையில் பால் பாட்டிலோடு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இந்த அக்கா சட்டத்துக்கு வெளியே இருப்பவரா என்றால், எழுத்தில் அப்படி இல்லை. ஒரு ஏஜென்சி வழியாக வேலை பார்க்கும் பெண்ணும் இந்தச் சட்டப்படி 'பெண்' தான். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஆனால் அந்த 80 நாளை எந்தப் பதிவேட்டில் காட்டுவது? தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் தரும் 18,000 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000. அதிலும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. எங்கள் தெருவிலேயே பாருங்கள்: அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021-லிருந்து ஒரு வருடம், எனக்கு 26 வாரம், மூன்றாவது பெற்றவருக்கு 12 வாரம், அக்காவுக்கு மல்லிப்பூ.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1961 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. புதுச் சட்டம், திருத்தி எழுத நல்ல வாய்ப்பு. எடுத்துப் படித்தேன். பதினைந்து மாதம், இரண்டு இடைவேளை, நான்கு முறை காப்பகம், அதில் 'அடங்கும்' ஓய்வு நேரம். கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள். 1919-இலேயே சர்வதேச உடன்படிக்கை ஒவ்வொரு இடைவேளைக்கும் அரை மணி என்று எழுதியிருந்தது. நாம் கால் மணியில் தொடங்கியவர்கள். நீளத்தை இப்போதும் விதிகளுக்குத்தான் விட்டிருக்கிறார்கள்.

சட்டத்தைத் திருத்த நாளாகும். விதியைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டாம். பாலூட்ட என்ற இடத்தில் 'பாலூட்டவோ பால் எடுக்கவோ' என்று சேர்க்கலாம். கால் மணியை அரை மணி ஆக்கலாம். தாழ்ப்பாள் போட்ட அறை, தண்ணீர், ஃபிரிட்ஜ் என்று மூன்று பொருளைப் பெயர் சொல்லி எழுதலாம். அந்த அறை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்க்கலாம்.

அதுவரைக்கும், உங்கள் ஆபீஸில் குழந்தை பெற்றுத் திரும்பிய ஒருவர் இருந்தால், எந்த அறையில் போய் உட்காருகிறார் என்று பாருங்கள். கதவுக்கு வெளியே யார் நிற்கிறார் என்பதையும்.